அடுத்த மிஷின் யாருக்கு?

எங்கள் வீட்டு ஓரத்துக் கொட்டகையில் இப்போது இரண்டு மிஷின் ஓடுகிறது. ஒன்று மாவு மிஷின். இன்னொன்று சாமை, தினைக்கு உமி நீக்குகிற மிஷின். மூலையில் என் பழைய வெல்டிங் செட், ஒரு கிரைண்டர், ஒரு டிரில். மூன்றாவதாக ஒரு மிஷின் வாங்குகிற அளவுக்கு இந்தத் தை மாதம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. மீதிக்குக் கடன் கிடைக்கும் என்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்விக்கு மலை மேலேயும் கீழேயும் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது, என்னைத் தவிர.

செம்மேட்டில் டீக்கடையில் உட்கார்ந்தால், "பாக்கெட் போடற மிஷின் வாங்குங்க, சாமையை நீங்களே பேர் போட்டு விக்கலாம்" என்கிறார்கள். நாமக்கல்லில் இருந்து வந்த ஒரு தம்பி, பிஸ்கட் சுடும் அடுப்பு வாங்கச் சொன்னான். தினை பிஸ்கட்டுக்குக் கோயம்புத்தூரில் நல்ல விலையாம். சென்னையில் இருந்து ஆகாய கங்கை பார்க்க வந்துவிட்டுக் கொட்டகைக்குள் எட்டிப்பார்த்த ஒருவர் இன்னும் மேலே போனார். "எதுக்குங்க இந்த மிஷினெல்லாம், கைக்குத்தல்னு போட்டா ரெட்டிப்பு விலை கிடைக்குமே" என்றார். அவருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

முதலில், மிஷின் எந்த வரிசையில் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மலையில் முதலில் பரவியது மாவு மிஷின். அதற்குக் காரணம் கேழ்வரகு. கேழ்வரகுக்கு உமி கிடையாது. தட்டி, புடைத்து, அப்படியே அரைத்துவிடலாம். சாமை அப்படி இல்லை. ஆயிரம் மணியை எண்ணி நிறுத்தால் இரண்டு கிராம் சொச்சம் வரும், அவ்வளவு சின்ன மணி. ஒவ்வொரு மணிக்கும் கண்ணாடி போல ஒரு உமி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் சோறு கிடையாது. தினை, குதிரைவாலி, பனிவரகு எல்லாமே இந்தச் சாதிதான். மாவு மிஷின் வந்ததால் கேழ்வரகு பிழைத்தது. சாமைக்கு எந்த மிஷினும் வரவில்லை. ரொம்ப வருஷத்துக்கு அதன் மிஷின் என் அம்மாவின் தோள்பட்டைதான்.

மரவள்ளி வந்து சாமையை விரட்டிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஏன் விரட்ட முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. மரவள்ளிக்கான மிஷின் கீழே ரெடியாக இருந்தது. சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் ஜவ்வரிசி ஆலைகள். ஆலைக்காரர்கள் விற்பதற்குக்கூட 1981ல் சேலத்தில் சேகோசர்வ் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் நம் வேலை முடிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் அது மாவாகி ஜவ்வரிசியாகிவிடும். வீட்டுப் பொம்பளைகள் ஒரு கிழங்கைக்கூட இடிக்க வேண்டாம். பக்கத்திலேயே ரேஷன் கடையில் உமி நீக்கிய வெள்ளை அரிசி, 2011 ஜூனில் இருந்து அது இலவசமும்கூட. இந்த இரண்டுக்கும் நடுவில், விடிகாலையில் எழுந்து உரலில் சாமை குத்து என்று எந்த நியாயத்தில் ஒரு பெண்ணிடம் கேட்க முடியும்? அவள் சாமையைக் கைவிட்டாள் என்றால் பாரம்பரியத்தைக் கைவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. உலக்கையைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்கிறவர்கள் ஒரு படி சாமையைக் குத்திக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

இங்கேதான் எனக்கு இலக்கியவாதிகளோடு ஒரு சண்டை. கொல்லிமலை என்றால் வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, வன்பரணர் என்று ஆரம்பிப்பார்கள். தினைப்புனம் காத்த பெண்களைப் பற்றி உருகுவார்கள். கிளி ஓட்டியது பாட்டில் இருக்கிறது, சரி. ஓட்டி முடித்து, அறுத்து, அடித்துக் கொண்டுவந்த தினையை யார் எத்தனை நாழிகை குத்தினார்கள்? குறிஞ்சிக்கலியில் குத்துகிறார்களே என்பீர்கள். ஆமாம், சந்தன மரத்து உரலில் யானைத் தந்த உலக்கையால் குத்துகிறார்கள். குத்திக்கொண்டே தோழியும் தலைவியும் பாடுகிறார்கள். யானைத் தந்தத்தின் எடை என்ன என்று அந்தப் பாட்டுக்கு உரை எழுதிய யாராவது யோசித்திருப்பார்களா? எங்கள் வீட்டு உலக்கை வெறும் மரம், முனையில் இரும்புப் பூண். அம்மா பாடி நான் கேட்டதில்லை. மூச்சு வாங்குவதைத்தான் கேட்டிருக்கிறேன்.

கைக்குத்தலுக்கு வாதாடியவர்களில் நான் மதிக்கிற ஒருவர் உண்டு. ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, காந்தி 1934ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். ஆலை அரிசியில் தவிட்டோடு சத்தும் போகிறது, ஆலை முதலாளிக்குப் பணம் போகிறது, ஊரில் நெல் குத்திக் கூலி வாங்குகிற பெண்ணுக்கு வேலை போகிறது என்பது அவர் தரப்பு. நெல்லைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருந்தது. புது அரிசி ஆலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1958ல் சட்டமே வந்தது. ஆனால் கவனியுங்கள், அங்கே குத்தியவளுக்குக் கூலி உண்டு. எங்கள் மலையில் சாமை குத்தியதற்கு யாரும் யாருக்கும் கூலி கொடுத்ததில்லை. வீட்டு வேலை, சும்மா செய்வது. போவதற்கே கூலி இல்லாத இடத்தில் மிஷின் யார் பிழைப்பைப் பிடுங்கும்? இந்த வித்தியாசம் தெரியாமல் குமரப்பாவின் வாதத்தைச் சாமை பாக்கெட் மேல் ஒட்டுகிறவர்கள் ரெட்டிப்பு விலையைத்தான் யோசிக்கிறார்கள், குமரப்பாவை இல்லை.

சாமைக்கு மிஷின் வேண்டும் என்பதைத் தாமதமாகவாவது சிலர் புரிந்துகொண்டார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து இந்த மலையில் விதை காப்பது, சுயஉதவிக் குழுக்களை வைத்துச் சின்ன மில் நடத்துவது என்று வேலை செய்திருக்கிறது. மதுரை தானம் அறக்கட்டளை, கனடா பல்கலைக்கழகங்களோடும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து சிறுதானிய மிஷின்களுக்காக உழைத்தது. வீட்டுக் கொட்டகையில் வைக்கிற அளவுக்கு உமி மிஷின் சின்னதானதற்கு இந்த மாதிரி முயற்சிகள் காரணம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் ஊரெல்லாம் சாமைப் பேச்சு. நானும் அந்தக் காற்றில்தான் உமி மிஷின் வாங்கினேன்.

வாங்கிய முதல் வருஷம் எனக்கு ஒரே பெருமை. மணியை உள்ளே சுழலும் தட்டு வீசி எறிகிறது, அது சுவரில் மோதி உமி உடைகிறது, காற்று உமியை ஊதித் தள்ளுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு மூட்டை. உலக்கை ஒழிந்தது, பொம்பளைகளுக்கு விடுதலை என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் என் மனைவி, "விடுதலை பண்ணியாச்சில்ல, கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க" என்று முறத்தை என் கையில் கொடுத்தாள்.

உட்கார்ந்தேன். மிஷினில் இருந்து வருவது அரிசி இல்லை, ஒரு கலவை. உமி போன மணி, உமி போகாத மணி, நொய், கல், மண்கட்டி. புடைத்தால் உமியும் தூசும் போகும். உமி போகாத மணியைத் தனியாக ஒதுக்க வேண்டும். கல் இருக்கிறதே, அது சாமை அளவுக்கே இருக்கும், நிறமும் கிட்டத்தட்ட அதேதான். கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நான் ஒரு மணி நேரத்தில் ஓட்டிய மூட்டைக்கு, என் மனைவி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, மூன்று பேரும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார்கள். வாரா வாரம் இப்படித்தான் நடந்திருக்கிறது. என் கொட்டகைக்கும் எங்கள் திண்ணைக்கும் பத்தடி தூரம். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் தெரியவில்லை. உலக்கைக்குச் சத்தம் உண்டு, ஊருக்கே கேட்கும். கல் பொறுக்குவதற்குச் சத்தம் கிடையாது.

அதனால்தான் பாக்கெட் மிஷின் யோசனையைக் கேட்டால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. அது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மிஷின். பாக்கெட்டைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், கொட்டகையைப் படம் பிடிப்பார்கள். கரண்டும் குறைவு, வீட்டு லைனிலேயே ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வந்ததும் என்ன ஆகும்? வாரத்துக்கு ஒரு மூட்டை விற்ற இடத்தில் மூன்று மூட்டை விற்கச் சொல்வேன். கல் பொறுக்குகிற மத்தியானம் ஒன்று மூன்றாகும். லாபக் கணக்கில் அந்த மத்தியானங்கள் எந்த வரியிலும் வராது. பிஸ்கட் அடுப்பும் இதே கதைதான்.

போதாததற்கு, பாக்கெட் போட்டு அடுக்குவது சாமைக்குச் சரியான வேலையே இல்லை. உமியோடு இருக்கிற வரை சாமை வருஷக் கணக்கில் கிடக்கும், பூச்சியும் சுலபத்தில் அண்டாது. உமி எடுத்துவிட்டால் மேலே இருக்கிற தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சில மாதத்தில் காறல் வாடை வந்துவிடும். அது வராமல் இருக்கப் பெரிய ஆலைக்காரர்கள் தீட்டி வெள்ளையாக்கி விற்கிறார்கள். சத்துக்காக வாங்குகிறவர்கள் சத்து போன சாமையை வாங்குகிறார்கள். மலையில் வீட்டோடு மிஷின் வைத்திருப்பதன் லாபமே, கேட்கக் கேட்க உமி நீக்கித் தரலாம் என்பதுதான். அதை விட்டுவிட்டு மாதக் கணக்கில் பாக்கெட்டில் அடைத்து வைக்க ஒரு மிஷினா?

சரி, எதை வைத்து முடிவு செய்வது? எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டது 1929ல்தான். அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு நல்ல ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம். நிபந்தனைகள்தான் அழகு. எடை குறைவாக, தூக்கிப்போகிற மாதிரி இருக்க வேண்டும். கையாலோ காலாலோ குடிசையிலேயே ஓட்ட முடிய வேண்டும். ஒரு பெண் எட்டு மணி நேரம் பெரிய சிரமம் இல்லாமல் வேலை செய்ய முடிய வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் வர வேண்டும். விலை 150 ரூபாய்க்குள். 20 வருஷம் உழைக்க வேண்டும். வருஷ ரிப்பேர் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. பிற்பாடு ஏகாம்பரநாதன் என்ற தமிழர் செய்த ராட்டைக்குத்தான் அம்பர் சர்க்கா என்று பெயர் வந்தது. காந்தி மிஷினுக்கு எதிரி என்று சொல்கிறவர்கள் இந்த விளம்பரத்தை ஒரு தடவை படிக்கலாம். அதில் மிஷினைப் பற்றிய முதல் அளவு, அதன் முன்னால் உட்காரப்போகிற பெண்ணின் உடம்பு.

இன்றைக்கு மானியத்துக்குக் குறைவில்லை. 2020ல் ஒன்றிய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்தில் மிஷின் விலையில் 35 சதவீதம், பத்து லட்சம் வரைக்கும் உண்டு. சுயஉதவிக் குழுப் பெண்ணுக்கு நடைமுறைச் செலவுக்கும் சின்னக் கருவிகளுக்கும் என்று தலைக்கு 40,000 ரூபாய் தொடக்க நிதியும் உண்டு. நல்ல திட்டம்தான். குறை நம்மிடம். எனக்குத் திட்ட அறிக்கை எழுதித் தர வந்தவர் மோட்டார் எத்தனை ஹெச்பி, ஒரு மணிக்கு எத்தனை கிலோ, வருஷ வருமானம் எவ்வளவு என்று நூறு கேள்வி கேட்டார். மூட்டையைத் தூக்குவது யார் என்று ஒரு கேள்வி இல்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், இது சோறு பற்றியது மட்டும் இல்லை. மலையில் சாமை என்றால் ஒரே சாமை இல்லை. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக இருந்தது. மணி பருமன் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். பெரிய மணிக்கு வைத்த வேகத்தில் சின்ன மணியை ஓட்டினால் பாதி உமியோடு வெளியே வருகிறது. அதையே மறுபடி கொட்டினால் ஏற்கெனவே உமி போனது நொய்யாகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, அடுத்த தடவை இந்த ரகம் கொண்டுவராதீங்க, பெரிய மணி சாமையே போடுங்க" என்று சொன்னேன். ஒருத்தரிடம் இல்லை, நாலைந்து பேரிடம். எத்தனையோ தலைமுறை கைமாற்றிக் கொடுத்த விதையை, என் மிஷினுக்குச் சௌகரியமாக இல்லை என்பதற்காக நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கம் விதையைக் காப்பாற்ற வங்கி வைக்கிறார்கள், இன்னொரு பக்கம் என்னைப் போல மில்காரன் ஒருத்தன் ஒரே வார்த்தையில் அதை நிறுத்துகிறான். இந்தத் தப்புக்கு மருந்து பெரிய மிஷின் இல்லை. மிஷினுக்குப் போகும் முன் மணியைப் பருமன்வாரியாகப் பிரிக்கிற சல்லடை. மூன்று நான்கு அளவில் தட்டு மாற்றிக்கொள்கிற மாதிரி, ஆட்டுவதற்கு ஒரு சின்ன மோட்டாரோடு. சின்ன மணியைத் தனியாக எடுத்து அதற்கு ஏற்ற வேகத்தில் ஓட்டினால் எந்த ரகமும் ஓடும். உமி போகாததும் குறையும். அந்த அளவுக்கு முறத்தில் வேலையும் குறையும்.

ஆக, என் முடிவு சல்லடையும், அதற்கு அடுத்தபடியாகக் கல் பிரிக்கிற மிஷினும் என்று ஆனது. கல் மிஷின் நல்ல சரக்கு. சாய்வான ஒரு தட்டு அதிர்ந்துகொண்டே இருக்கும், கீழே இருந்து காற்று அடிக்கும், லேசான மணி மிதந்து கீழே வழியும், கனமான கல் தட்டில் ஒட்டி மேலே ஏறும். கல் மேல் நோக்கி ஏறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். இதற்கு மூன்று ஃபேஸ் கரண்ட் எடுக்க வேண்டுமா, இருக்கிற லைனில் ஓடுகிற மாடல் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இதை அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல். மிஷின் எப்படிக் கல்லைப் பிரிக்கும் என்று முழுசாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "கல்லு எங்கிருந்து வருது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கல் சாமையோடு செடியில் விளைவதில்லை. அறுப்பு ஐப்பசி, கார்த்திகையில். மழையும் பனியும் அப்போதுதான். காய வைக்க இடம் இல்லாமல் தார் ரோட்டிலும் மண் வாசலிலும் போட்டு அடிக்கிறோம். அங்கே ஏறுவதுதான் இந்தக் கல்லும் மண்கட்டியும். பாறைக் களம் இருக்கிறவர்கள் கொண்டுவருகிற சாமையில் கல் குறைவு என்பது மனைவிக்கும் அத்தைக்கும் ரொம்ப நாளாகத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லவில்லை. அதோடு, கல் மிஷின் விற்கிறவர் சொல்லாத ஒன்று உண்டு, பக்கத்து மலையில் ஓட்டுகிற ஒருவர் போனில் சொன்னார். மண்கட்டி கல் மாதிரி கனம் இல்லை. மணியோடு மணியாக மிதந்து வந்துவிடும். மிஷின் போட்டாலும் அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

ஆகவே வரிசை மாறிவிட்டது. முதலில் சல்லடை. சல்லடைக்குப் போக மிச்சம் இருக்கிற பணத்தில், என் கொட்டகைக்குச் சாமை கொண்டுவருகிற வீடுகளுக்குத் தார்பாய் வாங்கி அறுப்புக்கு முன் வாடகை இல்லாமல் கொடுக்கப்போகிறேன். பஞ்சாயத்தில் ஒரு சிமென்ட் களம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம், எழுதியது மனைவி. அப்படியும் கல் இருந்தால் அடுத்த வருஷம் கல் மிஷின். "மில்லுக்காரன் தார்பாய் வாங்கறானாம்" என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். தார்பாய்க்குத் திறப்பு விழா வைக்க முடியாது, போட்டோவில் நன்றாகவும் இருக்காது. சிரித்துக்கொள்ளட்டும். பாக்கெட் மிஷின் வேண்டும் என்பவர்கள் ஒரு மத்தியானம் எங்கள் திண்ணைக்கு வரட்டும், முறம் நான் தருகிறேன்.

பணம் போட்டு வாங்காத ஒரு வேலையும் பாக்கி இருக்கிறது. உமி மிஷினில் சாமை கொட்டுகிற வாய் என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. எனக்குச் சரி. நான் இல்லாத நாளில் மனைவியும் அந்த அக்காவும் ஒரு கல்லை நகர்த்திப் போட்டு அதன் மேல் ஏறி, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் ஆடும். நேற்று மனைவியைச் சுவரோரம் நிறுத்தி, கூடை இடுப்புக்கு எந்த உயரத்தில் வந்தால் தோதாக இருக்கும் என்று கேட்டு, சாக்பீஸால் கோடு போட்டேன். அத்தைக்கு ஒரு கோடு, அந்த அக்காவுக்கு ஒரு கோடு. மூன்றுக்கும் நடுவில் ஒரு அளவு எடுத்து, கைப்பிடியோடு இரண்டு படி வைத்த மேடை அடிக்க வேண்டும். ஆங்கிள் கொட்டகையிலேயே கிடக்கிறது. நாளைக்குக் காலையில் கரண்ட் இருந்தால் அறுக்கத் தொடங்கிவிடுவேன்.